சதுரங்கப்பட்டினக் கரையும் தூரத்து ஆட்டமும்

வீட்டுக் கணினி செங்கல்பட்டில் ஓடிக்கொண்டிருக்கும். அதில் உள்ள கார் பந்தயத்தை ஆடுகிற பையன் மாமல்லபுரத்தில் கைபேசியோடு உட்கார்ந்திருப்பான். இன்றைய பிள்ளைகளுக்கு இது சாதாரணம். என் வயதுக்காரர்களுக்கு மாயம் போலத் தெரிகிறது. பேரன் எனக்குப் பொறுமையாக விளக்கினான். கணக்கெல்லாம் போடுவது வீட்டுக் கணினிதான். அது தன் திரையில் தெரிவதைப் படமாக அனுப்பிக்கொண்டே இருக்கிறது. இங்கே விரல் அழுத்துவது மட்டும் அங்கே திரும்பிப் போகிறது. 2019-லேயே ஸ்டீம் லிங்க் என்ற செயலியில் வெளியூரிலிருந்தும் இப்படி ஆட முடிந்ததாம்.

கருவிதான் புதிது, ஆசை பழையது. வேறு ஊரில் இருக்கும் பலகையில் இங்கிருந்தே காய் நகர்த்தும் ஆசைக்கு இருநூறு வயதாகிறது. அந்தக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1824-இல் லண்டன் சதுரங்கக் கழகமும் எடின்பரோ கழகமும் கடிதம் மூலம் ஆடத் தொடங்கின. ஆட்டங்கள் முடிய 1828 ஆகிவிட்டது. எடின்பரோ வென்றது. பிறகு 1834 முதல் 1836 வரை லண்டனும் பாரிஸும் அதே போல் ஆடின. ஆங்கிலேயர் ராஜாவுக்கு முன்னால் உள்ள சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்த, பாரிஸ்காரர்கள் தங்கள் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்திப் பதில் சொன்னார்கள். இரண்டு ஆட்டத்திலும் பாரிஸுக்கே வெற்றி. அந்தப் பதில் நகர்வுக்கு 'பிரெஞ்சுத் தடுப்பு' என்ற பெயர் இந்தக் கடித ஆட்டத்தால்தான் நிலைத்தது.

தந்தி வந்ததும் அதையும் விடவில்லை. 1844-இல் வாஷிங்டனுக்கும் பால்டிமோருக்கும் இடையே தந்தியில் சதுரங்கம் ஆடினார்கள். மோர்ஸின் கம்பி போட்ட அதே ஆண்டு! 1897-இல் பிரிட்டிஷ் மக்களவை உறுப்பினர்களும் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர்களும் அட்லாண்டிக் கடலடிக் கம்பி வழியாக ஆடி, இரண்டரைக்கு இரண்டரை என்று சமமாக முடித்தார்கள். 1945 செப்டம்பரில், போர் ஓய்ந்த கையோடு, அமெரிக்காவும் சோவியத் யூனியனும் வானொலி வழியே பத்துப் பலகைகளில் மோதின. சோவியத் அணி 15½–4½ என்று வென்றது. 1970 ஜூனில் சோயுஸ் 9 விண்கலத்தில் இருந்தவர்கள் பூமியில் இருந்தவர்களோடு ஆடினார்கள். அதுவும் சமம்தான்.

இவை வேடிக்கைக் கதைகள். ஆனால் தூரத்து ஆட்டம் பல நேரம் வேடிக்கைக்காக நடந்ததில்லை. போக முடியாதவர்கள்தான் அதை நாடினார்கள். 1965-இல் ஹவானாவில் நடந்த கபபிளாங்கா நினைவுப் போட்டிக்கு பாபி ஃபிஷருக்கு அழைப்பு வந்தது. கியூபா போக அமெரிக்க வெளியுறவுத் துறை அனுமதி தரவில்லை. அவர் நியூயார்க் மார்ஷல் கழகத்தில் உட்கார்ந்து, நகர்வுகளை டெலிபிரிண்டரில் அனுப்பினார். அங்கே ஒருவர் அவருக்காகக் காய் நகர்த்தினார். மற்றவர்களைவிட மிக நீண்ட நேரம் அவர் பலகை முன் இருக்க வேண்டியிருந்தது. அப்படியும் இரண்டாம் இடத்தை இருவரோடு பகிர்ந்துகொண்டார்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குப் புதுச்சேரி நினைவு வரும். 1962 ஆகஸ்ட் 16-இல் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் தெரிவிக்க ஆறு மாதம் கொடுத்தார்கள். என் வகுப்புத் தோழன் ஒருவனின் அப்பா கையெழுத்துப் போட்டார். சில ஆண்டுகளில் குடும்பமே பிரான்ஸ் போய்விட்டது. பன்னிரண்டு வயதுப் பையன்களை யார் கேட்டார்கள்?

நாங்கள் கடிதத்தில் சதுரங்கம் ஆடினோம். நான் செங்கல்பட்டில் எழுத்தர் வேலைக்கு வந்த பிறகும் அது தொடர்ந்தது. ஒரு நகர்வு போய்ப் பதில் வர மூன்று வாரம்; ஓர் ஆட்டம் முடிய இரண்டு ஆண்டுக்கு மேல். காய்களின் பெயரில் ஒரு சிக்கல் உண்டு. பிரெஞ்சில் 'ஆர்' என்றால் ராஜா, ஆங்கிலக் குறிப்பில் அதே எழுத்து யானை. அதனால் உலகக் கடிதச் சதுரங்கக்காரர்கள் எழுத்தையே விட்டுவிட்டு எண்ணால் எழுதுவார்கள். 5254 என்றால் ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம். நாங்களும் அப்படியே எழுதினோம். இன்னொன்று: நாம் மந்திரி என்று மரியாதையாகச் சொல்லும் காயைப் பிரெஞ்சில் 'ஃபு', அதாவது பைத்தியக்காரன் என்பார்கள். அரசு அலுவலகத்தில் இருந்துகொண்டு இதை வெளியே சொல்ல முடியுமா?

அந்தக் கடிதங்களில் நகர்வு ஒரே வரி. மீதிப் பக்கம் முழுக்க அவன் அம்மாவின் உடல்நிலை, அங்கத்திய குளிர், இங்கே யார் வீட்டில் கல்யாணம் என்றுதான் இருக்கும். ஆட்டம் இல்லாவிட்டால் இரண்டாம் ஆண்டே கடிதம் நின்றிருக்கும். பதில் நகர்வு பாக்கி இருந்ததால் எழுதியே ஆக வேண்டியிருந்தது. அவன் போய் ஒன்பது ஆண்டாகிறது. கடைசி ஆட்டத்தில் என்னுடைய நகர்வுதான் பாக்கி.

இனி நம் ஊருக்கு வருவோம். 2020-இல் கொரோனாவால் ஒலிம்பியாட் போட்டி இணையத்தில் நடந்தது. ஆகஸ்ட் 30 இறுதிச் சுற்றில் இந்தியாவும் ரஷ்யாவும். நிஹால் சரினுக்கும் திவ்யா தேஷ்முக்குக்கும் நடுவில் இணைப்பு அறுந்து, நேரம் போய், தோல்வி என்று பதிவானது. முறையீட்டுக்குப் பின் இரு நாடுகளுக்கும் தங்கம் கொடுத்தார்கள். தூரத்து ஆட்டத்தில் பாதையும் ஓர் ஆட்டக்காரர்; அது தவறினால் யார் தோற்றது என்ற கேள்வி தபால் காலத்திலிருந்தே உண்டு. 2022 பிப்ரவரியில் பதினாறு வயது பிரக்ஞானந்தா, கார்ல்சனை இணையத்தில் வென்றார். மே மாதத்தில் இன்னொரு இணையப் போட்டியில் நள்ளிரவு தாண்டி ஆடிவிட்டு, காலையில் பதினோராம் வகுப்புத் தேர்வுக்குப் போனார்.

அதே ஆண்டு, ரஷ்யாவில் நடக்க வேண்டிய 44-ஆவது ஒலிம்பியாட், உக்ரைன் போரால் இடம் மாறி மாமல்லபுரம் பூஞ்சேரிக்கு வந்தது. ஜூலை 28 முதல் ஆகஸ்ட் 10 வரை, பொதுப் பிரிவில் மட்டும் 180-க்கும் மேற்பட்ட அணிகள். உஸ்பெகிஸ்தான் தங்கம் வென்றது. பெண்கள் பிரிவில் உக்ரைன். நம் அணிகளுக்கு இரண்டு வெண்கலம். முதல் பலகையில் குகேஷுக்குத் தங்கம். உலகமே இணையத்தில் ஆடப் பழகிய பிறகும், இத்தனை பேர் விமானம் ஏறி வந்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முகம் பார்த்துக் கைகொடுப்பதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

பூஞ்சேரிக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி, சதுரங்கப்பட்டினம் இருக்கிறது. பெயரிலேயே சதுரங்கம். டச்சுக்காரர் கோட்டையைப் பலர் பார்த்திருப்பீர்கள். 1754 ஜனவரியில் பிரெஞ்சுத் தரப்பும் ஆங்கிலத் தரப்பும் அங்கே எதிரெதிரே உட்கார்ந்து சமாதானம் பேசின, பேச்சு முறிந்தது. 1782 பிப்ரவரி 17-இல் அந்தக் கடலில் சுஃப்ரேனும் ஹியூஸும் கப்பல்களோடு மோதினார்கள். தெளிவான வெற்றி யாருக்கும் இல்லை. லண்டனும் பாரிஸும் தபாலில் சண்டை போட்டது அதற்கு அரை நூற்றாண்டு கழித்துத்தான். அது எவ்வளவோ மேல்!

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடுகிறது. செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் முப்பது கிலோமீட்டர்; சென்னை வரை போய்த் திரும்பினாலும் ஒரு நொடியில் மிகச் சிறு பங்கு. பாரிஸ் நேர்கோட்டிலேயே எட்டாயிரம் கிலோமீட்டர். கார் பந்தயத்தில் அந்தத் தாமதம் கைக்குத் தெரியும். சதுரங்கத்தில் தெரியவே தெரியாது.

ஆகவே பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வெளிநாட்டில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். "சாப்பிட்டாயா?" என்று கேட்ட பிறகு பேச்சு நின்றுபோகிறதா? ஓர் ஆட்டம் தொடங்குங்கள். நாளுக்கு ஒரு நகர்வு போதும். ஜெயிக்க அவசரப்படாதீர்கள்.