என். சீனிவாசன்

நாராயணசாமி சீனிவாசன் இந்தியத் தொழிலதிபர். சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலின் (ஐசிசி) முதல் சேர்மன். 1945 ஜனவரி 3 அன்று தாமிரபரணிக் கரையிலுள்ள கல்லிடைக்குறிச்சியில் பிறந்தார். தந்தை டி. எஸ். நாராயணசாமி, சங்கரலிங்க ஐயருடன் சேர்ந்து 1946இல் இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியவர். சுண்ணாம்புக்கல் நிறைந்த தாழையூத்தில் 1949இல் அதன் முதல் ஆலை இயங்கத் தொடங்கியது. சீனிவாசன் சென்னையிலும் சிகாகோவிலும் வேதிப் பொறியியல் படித்தார். 1989இல் நிறுவனத்தின் நிர்வாக இயக்குநரானார்.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத் தலைவர் பதவியிலிருந்து படிப்படியாக உயர்ந்து, இந்தியக் கிரிக்கெட் வாரியத்தில் 2005இல் பொருளாளர், 2008இல் செயலாளர், 2011இல் தலைவர் ஆனார்.

அவரைப் பற்றிய வழக்கைப் புரிந்துகொள்ள ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாரியம் நடத்தும் போட்டிகளில் அதன் நிர்வாகிகளுக்கு வணிக ஆதாயம் இருக்கக் கூடாது என்பது வாரியத்தின் அன்றைய 6.2.4 விதி. 2008 தொடக்கத்தில் இந்தியா சிமென்ட்ஸ் 9 கோடியே 10 லட்சம் டாலருக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியை வாங்கியது. அப்போது சீனிவாசன் வாரியத்தின் பொருளாளர். அதே ஆண்டில் ஐ.பி.எல். போன்ற போட்டிகளுக்கு விலக்களித்து விதி திருத்தப்பட்டது. விளையாட்டை நடத்துபவரே ஆடும் அணிக்கும் உரிமையாளர் ஆனார். திருத்தத்தை வாரியமே செய்தது என்பது உண்மைதான். ஆனால் நடுவரே ஒரு பக்கம் ஆடலாமா என்று பள்ளிப் பிள்ளையும் கேட்குமே!

2013 மே மாதம் அவருடைய மருமகன் பந்தயப் புகாரில் கைதானதும் இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2014 மார்ச்சில் வாரியத் தலைவர் பொறுப்பிலிருந்து அவரை நீதிமன்றம் விலக்கி வைத்தது. ஆனால் மூன்றே மாதத்தில், ஜூன் 26 அன்று, மெல்போர்னில் ஐசிசி சேர்மனாகப் பொறுப்பேற்றார். டால்மியா, சரத் பவார் ஆகியோருக்குப் பின் அந்த அமைப்புக்குத் தலைமை ஏற்ற மூன்றாவது இந்தியர் இவர். இந்தியா, இங்கிலாந்து, ஆஸ்திரேலியா ஆகிய மூன்று நாடுகளுக்கும் வருவாயிலும் அதிகாரத்திலும் பெரும் பங்கு தரும் ஏற்பாடு அப்போது நடைமுறைக்கு வந்தது. சிறிய நாடுகள் மனம் நொந்தன. 2017இல் அந்தப் பங்கீடு மாற்றப்பட்டது.

2015 மார்ச்சில் உலகக் கோப்பையை ஆஸ்திரேலிய அணியிடம் சீனிவாசன் வழங்கினார். கோப்பையை வழங்கும் உரிமை தமக்கே உரியது என்று கூறி, ஐசிசி தலைவராக இருந்த வங்கதேசத்தின் முஸ்தபா கமால் பதவி விலகினார்.

அதற்கு முன்பே, 2015 ஜனவரி 22 அன்று, உச்ச நீதிமன்றம் அந்த விதித் திருத்தத்தை ரத்து செய்திருந்தது. முறைகேட்டை மூடி மறைத்தார் என்ற குற்றச்சாட்டு சீனிவாசன் மீது நிரூபிக்கப்படவில்லை என்றும் அதே தீர்ப்பு கூறியது. பலர் இதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். நவம்பரில் வாரியம் அவரைத் திரும்ப அழைத்து, ஷஷாங்க் மனோகரை ஐசிசிக்கு அனுப்பியது.

2024 டிசம்பரில் இந்தியா சிமென்ட்ஸ் அல்ட்ராடெக் நிறுவனத்தின் வசமானது. தந்தை தொடங்கிய நிறுவனத்தின் பொறுப்பிலிருந்து சீனிவாசன் விலகினார்.