கருப்பைச் சுரண்டியின் கதை

தீமை அறியப்பட்ட பின்னரும் ஒரு கருவி நெடுங்காலம் வழக்கில் நிலைத்தல் கூடும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலே கருப்பைச் சுரண்டி தக்க சான்றாகும். நீண்ட காம்பின் நுனியில் சிறு கரண்டி போன்ற விளிம்புடைய உலோகக் கருவி அது. பிரான்சு நாட்டு வைத்தியர் ரெக்காமியே 1843ஆம் ஆண்டில் கருப்பை நோய்களுக்காக அதனை வழக்கிற்குக் கொணர்ந்தார். காலப்போக்கில், கருப்பை வாயை விரித்து உட்புறத்தைச் சுரண்டும் சிகிச்சை, தானாகச் சிதைந்த கருவின் எச்சத்தை அகற்றுதற்கும், ஆரம்ப வாரங்களிற் கருவைக் கலைத்தற்கும் பல நாடுகளிற் பரவியது.

இச்சிகிச்சையின் இடர் யாது? வைத்தியர் கண்ணாற் காணாது, கையின் உணர்ச்சியையே துணைக்கொண்டு தொழிற்பட வேண்டியிருந்தது. கருவுற்ற காலத்திலே கருப்பையின் சுவரோ இயல்பினும் மென்மையானது. கருவி சற்றே அழுந்தினால் சுவர் துளைபடும். துளையின் வழியே குடலும் காயமுறலாம். அஞ்சி மேலோட்டமாகச் சுரண்டினால் எச்சம் உள்ளே தங்கும், குருதி பெருகும், கிருமி தொற்றும். ஆழச் சுரண்டினும் கேடு. குறையச் சுரண்டினும் கேடு.

1867இல் லிஸ்டர் வெளியிட்ட கிருமிநீக்க முறையும், 1940களிற் பரவிய பெனிசிலினும் தொற்றினால் நேர்ந்த மரணங்களைக் குறைத்தன. ஆயின், விளிம்பின் கூர்மையை எம்மருந்தும் மாற்றவில்லை. 1894இல் ஜேர்மானிய வைத்தியர் பிரிட்ஷ், சுரண்டலின் பின் மாதவிடாய் அற்றுப்போன ஒரு பெண்ணைப் பற்றி எழுதினார். 1948இல் யோசப் ஆஷர்மன் இத்தகையோர் பலரை ஆராய்ந்து காரணத்தை விளக்கினார். கருப்பையின் உட்படலம் ஆழமாக அகற்றப்பட்டால், எதிரெதிர்ச் சுவர்கள் வடுவினால் ஒட்டிக்கொள்ளும். உயிர் பிழைத்த பெண் பின்னர் தாயாகும் பேற்றை இழத்தலும் கூடும்.

இதற்குத் தீர்வு கையின் திறமையில் அன்று, கருவியின் மாற்றத்திலேயே கிடைத்தது. 1958இல் சீனாவின் சாங்காய் நகரில் ஊ யுவான்தாய், ஊ சியன்சென் என்னும் இருவர், சுரண்டாது மழுங்கிய குழாய் வழியே உறிஞ்சி எடுக்கும் முறையை 300 பெண்களிடத்துக் கையாண்டு அறிக்கை வெளியிட்டனர். 1967இல் இங்கிலாந்தின் டொரத்தியா கெர்ஸ்லேக்கும் டொன் கேசியும் எழுதிய கட்டுரை அம்முறையை மேல்நாட்டு வைத்தியருக்கு அறிமுகம் செய்தது. 1970களில் மின்சாரமின்றிக் கையாலேயே இயக்கத்தக்க உறிஞ்சுகருவியும் தோன்றியது. நேரம் சுருங்கியது, குருதிப்போக்குக் குறைந்தது. இடர் முற்றாக நீங்கியது என்பதற்கில்லை. துளைபடுதலும் எச்சம் தங்குதலும் அரிதாயினும் இம்முறையிலும் நேரலாம்.

கூரிய சுரண்டல் வழக்கொழிந்த முறையென்றும், உறிஞ்சலோ மருந்தோ அதனிடத்தைப் பெறவேண்டுமென்றும் உலக சுகாதார நிறுவனம் 2012ஆம் ஆண்டு வழிகாட்டியிற் கூறியது. சாங்காய் அறிக்கைக்கும் அவ்வழிகாட்டிக்கும் இடையே கழிந்தவை 54 ஆண்டுகள். அத்தனை காலமும், தவிர்த்திருக்கக்கூடிய காயங்களைப் பல நாட்டுப் பெண்கள் ஏற்றனர். நல்வழி கண்டறியப்படுதல் ஒன்று. அது நோயாளியின் கட்டிலை எட்டுதல் மற்றொன்று.