நாலு தரம் ஸ்ரூடியோ கட்டின ஓவியர்

கலை வரலாற்றுப் புத்தகங்களைப் புரட்டினால் ஜேர்மன் ஓவியர் குர்ட் ஷ்விற்றர்ஸ் (1887–1948) எப்போதும் ஒரே மாதிரித்தான் அறிமுகமாவார். ட்ராம் ரிக்கெற், சொக்லேற் சுற்றின தாள், கம்பி, நூல், ஆணி, பழைய பேப்பர் என்று தெருவில் கிடந்ததையெல்லாம் பொறுக்கி ஒட்டி அரூப ஓவியமாக்கினவர். இன்றைக்கு ‘கலப்பு ஊடகம்’ என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போகிறோமே, அந்த வேலைக்குப் பாதை வெட்டினவர்களில் ஒருவர்.

அது உண்மைதான். ஆனால் அரைவாசி உண்மை. இதே ஆள் சாகும்வரை மலையையும் பனியையும் ஏரியையும் கண்ணால் பார்த்தபடியே எண்ணெய் வர்ணத்தில் கீறிக்கொண்டிருந்தார். கோடை வந்தால் வர்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனார். ஆட்களை இருத்தி உருவப்படம் கீறினார். அவற்றை விற்றுத்தான் பல வருஷம் சாப்பிட்டார். அவரைப் பற்றி எழுதின பலர் இந்தப் படங்களை வெட்கப்படுற விஷயம் மாதிரி ஒதுக்கி வைத்தார்கள். ‘பிழைப்புக்குச் செய்தது’ என்ற ஒரு வரியோடு கதை முடிந்துவிடும்.

எங்களுக்கு இந்த ஒதுக்கல் சரியாகப் படவில்லை. ஒரு ஓவியர் நாளாந்தம் எப்படி வேலை செய்தார், எங்கே வைத்துச் செய்தார், எதை விற்று வாழ்ந்தார் என்று பார்க்காமல் அவருடைய கலையை மட்டும் தனியாகப் பிரித்தெடுத்துக் கதைக்க ஏலாது. ஷ்விற்றர்ஸின் வாழ்க்கை அதற்கு நல்ல உதாரணம்.

ஹனோவர்: மா பசையும் மை விளம்பரமும்

1887 ஜூன் 20 இல் ஹனோவர் நகரத்தில் பிறந்தவர். 1909 இல் ட்ரெஸ்டன் கலைக்கழகத்தில் சேர்ந்து முறையாக ஓவியம் படித்தார். அது பழைய மாதிரிப் படிப்பு. பொருளைப் பார், ஒளியைப் பார், உள்ளதை உள்ளபடி கீறு. சின்ன வயதிலிருந்தே வலிப்பு நோய் இருந்ததால் முதலாம் உலகப் போரில் அவரைச் சண்டைக்கு எடுக்கவில்லை. 1917 இல் கொஞ்சக் காலம் படையில் எழுத்து வேலை. பிறகு ஹனோவருக்குப் பக்கத்தில் ஒரு இரும்பாலையில் இயந்திர வரைபடம் கீறுகிற வேலை. சில்லையும் பற்சக்கரத்தையும் அங்கேதான் கூர்ந்து பார்த்தார். பிறகு வந்த அவருடைய படங்களில் அந்தச் சில்லுகள் சுற்றிக்கொண்டே இருக்கும்.

1918 இல் போர் முடிந்தபோது ஜேர்மனி நொறுங்கிப்போய்க் கிடந்தது. எல்லாம்தான் உடைந்துவிட்டதே, இனி இந்தத் துண்டுகளை வைத்துத்தான் புதுசு செய்யவேண்டும் என்பது அவருடைய யோசனை. வர்ணத்துக்குப் பதிலாகக் குப்பையை எடுத்தார். ஒரு வங்கி விளம்பரத்தில் ‘கொமேர்ஸ்’ என்ற சொல்லை வெட்டும்போது கடைசித் துண்டு மட்டும் படத்தில் நின்றது: ‘மேர்ஸ்’. எங்கட ஏ.எல். பிள்ளைகள் படிக்கிற அதே கொமேர்ஸ்தான். அர்த்தமில்லாத அந்த அரைச் சொல்லையே தன்னுடைய எல்லா வேலைக்கும் பெயராக வைத்துக்கொண்டார். ஓவியமும் மேர்ஸ், கவிதையும் மேர்ஸ், 1923 இல் தொடங்கின சஞ்சிகையும் மேர்ஸ்.

ஒட்டுகிற முறை ரொம்ப எளிது. கோதுமை மாவும் தண்ணீரும் கலந்த பசையைத் தாளில் பூசுவார். அது ஈரமாக இருக்கும்போதே கடதாசித் துண்டுகளைப் போட்டு விரல் நுனியால் அங்கேயும் இங்கேயும் நகர்த்துவார். சரியான இடம் வந்ததும் விட்டுவிடுவார். மிஞ்சின பசையை ஈரத்துணியால் துடைப்பார். இரவில் சுவரொட்டி ஒட்டப் போகிறவர்களின் வாளியில் இருக்கிற அதே பசைதான். ஆனால் ஒரு துண்டு எங்கே நிற்கவேண்டும் என்ற முடிவு சுவரொட்டிக்காரருக்கு ஒரு நிமிஷம். இவருக்கு அதுதான் முழு வேலையும்.

காசு? கொலாஜ் விற்று வீடு நடத்த முடியாது. 1924 இல் சொந்தமாக ஒரு விளம்பர நிறுவனம் தொடங்கினார். பெலிக்கன் மை விளம்பரங்களுக்கென்றே தன்னுடைய சஞ்சிகையில் ஒரு இதழை ஒதுக்கினார். 1929 இலிருந்து சில வருஷம் ஹனோவர் நகரசபையின் அச்சு வேலைகளுக்கு எழுத்துருவும் வடிவமைப்பும் செய்து கொடுத்தார். உருவப்படமும் கீறினார். விளம்பரத்துக்கு வெட்டின அதே கத்தரிக்கோல்தான் கொலாஜுக்கும் வெட்டியது. இரண்டும் ஒரே மேசையில் நடந்தன.

அந்த மேசை இருந்த வீடுதான் பிறகு பிரபலமானது. பெற்றோரின் வீட்டில் இருந்த தன்னுடைய ஸ்ரூடியோவை 1923 அளவில் மெல்ல மெல்லக் கட்டடமாக மாற்றத் தொடங்கினார். முதலில் ஒரு தூண். அதில் ஒட்டின பொருட்கள். தூணைச் சுற்றிப் பலகை, பலகைக்கு மேல் சாந்து, உள்ளே சின்னச் சின்னக் குகைகள். நண்பர்களின் நினைவாக ஒவ்வொரு குகை. ஒருவரின் தலைமயிர்க் கற்றை, கட்டடக்கலைஞர் மீஸ் வான் டெர் றோவின் மேசையிலிருந்து எடுத்த பென்சில் என்று அவற்றுக்குள் அடைத்து வைத்தார். வருஷம் போகப் போக அது அறையை விழுங்கி, கூரையைத் துளைத்து, அடுத்த அறைகளுக்கும் போனது. இதுதான் ‘மேர்ஸ்பௌ’. வேலை செய்கிற இடமே வேலையாகிப் போனது.

நோர்வே: கோடைக்கு ஒரு ஓவியர்

1929 இல் முதன்முதலாக நோர்வேக்குப் போனார். பிடித்துவிட்டது. அதன் பிறகு கோடை தவறாமல் அங்கே. பியோர்டுகள், பனிப்பாறைகள், மழை வரப்போகிற வானம், மரவீடுகள் எல்லாவற்றையும் நேரே நின்று கீறினார். வடக்கே கோடைப் பகல் நீளம். நின்று கீற நிறைய நேரம் கிடைக்கும். உல்லாசப் பயணிகள் வாங்கினார்கள்.

மொல்டே நகரத்துக்கு எதிரே ஜெர்ட்டோயா என்று ஒரு சின்னத் தீவு. அங்கே ஒரு பழைய கல்குடிலை எடுத்து, உள்ளே சுவரெல்லாம் தாளும் பத்திரிகையும் ஒட்டி இன்னொரு மேர்ஸ் இடமாக்கினார். பகலில் வெளியே நிலக்காட்சி, உள்ளே கொலாஜ்.

இந்தக் காலத்துக் கொலாஜ்களில் ஒரு மாற்றத்தைக் காணலாம். நகரத்து ரிக்கெற்றும் லேபலும் குறைந்து, கடல் கொண்டுவந்து போட்ட மரத்துண்டும் கல்லும் உள்ளே வருகின்றன. கோடை முழுக்கப் பாறையையும் அலையையும் கீறின கண் பிறகு எதைப் பொறுக்கும்? அதைத்தானே பொறுக்கும். நிலக்காட்சி ஒரு பக்கம், அரூபம் மறுபக்கம் என்று வேலி போடுவது எங்களுக்குச் சரியாகப் படாததற்கு இதுதான் முதல் காரணம். ஒன்று மற்றதுக்குத் தீனி போட்டிருக்கிறது.

நாஜிகளும் ஓட்டமும்

1933 இல் நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் நகரசபை வேலை கனகாலம் நிற்கவில்லை. அருங்காட்சியகங்களில் இருந்த அவருடைய படங்களைப் பறித்தார்கள். 1937 இல் மியூனிக்கில் ‘சீர்கெட்ட கலை’ என்று பெயர் வைத்து, மக்கள் சிரிக்கட்டும் என்று நடத்தின கண்காட்சியில் அவருடைய படைப்புகளையும் தொங்கவிட்டார்கள். ‘மேர்ஸ்’ என்ற சொல்லைத் தாங்கி நின்ற அந்த முதல் படம் அந்தப் பறிப்போடு காணாமல் போனதுதான். திரும்பக் கிடைக்கவே இல்லை.

அந்தக் கண்காட்சி தொடங்கமுன்பே அவர் நாட்டை விட்டிருந்தார். மகன் ஏர்ன்ஸ்ற் 1936 டிசம்பர் கடைசியில் நோர்வேக்குப் போக, தகப்பன் 1937 ஜனவரி 2 ஆம் திகதி பின்னால் போனார். மனைவி ஹெல்மா வீட்டையும் வயதான பெற்றோரையும் பார்த்துக்கொள்ள ஹனோவரிலேயே நின்றார். இடையிடையே நோர்வேக்கு வந்து போனார். 1939 இல் போர் தொடங்கினதும் அந்தப் போக்குவரத்தும் நின்றது.

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் லிசாக்கரில், வாடகை வீட்டின் வளவுக்குள் மூன்றாவது ஸ்ரூடியோவைக் கட்டினார். மறுபடி தூண், பலகை, சாந்து. மறுபடி கோடையில் நிலக்காட்சி. 1940 ஏப்ரலில் ஜேர்மன் படை நோர்வேக்குள்ளும் வந்தது. தகப்பனும் மகனும் வடக்கு நோக்கி ஓடி, ஜூன் மாதம் ஒரு பனியுடைக்கும் கப்பலில் ஏறி ஸ்கொட்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

போய்ச் சேர்ந்தவரைப் பிரித்தானியா என்ன செய்தது? கையில் ஜேர்மன் கடவுச்சீட்டு. ஆகவே ‘எதிரி நாட்டவர்’. நாஜிகளிடமிருந்து தப்பினவரை, அவர் பிறந்த நாட்டைக் காரணம் காட்டி முகாமுக்குள் போட்டார்கள். இப்படிப்பட்ட தர்க்கத்தை விளங்கிக்கொள்ள எங்கட வாசகர்களுக்கு அடிக்குறிப்புத் தேவைப்படாது.

முகாமுக்குள் ஒரு ஸ்ரூடியோ

மான் தீவில், டக்ளஸ் நகரத்தில் ஹச்சின்சன் முகாம். கடற்கரை விடுதி வீடுகளைச் சுற்றி முட்கம்பி அடித்த இடம். பதினாறு மாதம் அங்கே இருந்தார். ஒரு மேல்மாடி அறையை எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினார். கன்வஸ் இல்லை. நிலத்தில் விரித்திருந்த லினோலியத்தை வெட்டி அதன்மேல் கீறினார். சிகரெட் பெட்டி, கடற்பாசி, சிப்பி, நூல் எல்லாம் சுவரேறின. சாந்து கிடைக்காததால் காலைச் சாப்பாட்டு ஓட்ஸ் கஞ்சியைச் சேர்த்துச் சிற்பம் செய்தார். அது பூஞ்சணம் பிடித்துப் பச்சையாகி நாறினது பற்றி உடனிருந்தவர்கள் பிறகு எழுதியிருக்கிறார்கள்.

கஞ்சிச் சிற்பக் கதையை எல்லாரும் ரசித்துச் சொல்வார்கள். ஆனால் அதே அறையில்தான் சக கைதிகளை இருத்தி உருவப்படமும் கீறினார். சட்டத்தரணிகள், எழுத்தாளர்கள், பேராசிரியர்கள் என்று பலரின் முகங்கள். காசு வந்தது என்பது ஒரு பக்கம். வெளியே அவர்கள் வெறும் ‘எதிரி நாட்டவர்’. அந்தப் படத்தில் அவரவருக்குச் சொந்த முகம் இருந்தது. இந்தப் படங்களைப் ‘பிழைப்பு வேலை’ என்று தள்ளிவிட எங்களுக்கு மனம் வரவில்லை.

1941 நவம்பரில் விட்டார்கள். லண்டனுக்குப் போனார். 1943 ஒக்ரோபர் 8 இரவு நேச நாடுகளின் விமானங்கள் ஹனோவரில் குண்டு போட்டன. பல வருஷமாக வளர்த்த மேர்ஸ்பௌ முழுதாக அழிந்தது. அடுத்த வருஷம் ஏப்ரலில் பக்கவாதம். ஒக்ரோபரில் ஹெல்மா புற்றுநோயால் இறந்தார். அந்தச் செய்தி டிசம்பரில்தான் வந்து சேர்ந்தது. அதே டிசம்பரில் லண்டனில் அவருடைய கண்காட்சி நடந்தது. விமர்சகர் ஹேர்பேட் றீட் பாராட்டி முன்னுரை எழுதினார். நாற்பது அளவிலான படைப்புகளில் விற்றது ஒன்றே ஒன்று.

ஏரிக்கரையில் கடைசிச் சுவர்

1945 இல், லண்டனில் துணையாகக் கிடைத்த ஈடித் தோமஸோடு, இங்கிலாந்தின் வடக்கே ஏரி மாவட்டத்தில் அம்பிள்சைட் என்ற சின்ன ஊருக்குப் போனார். மலையும் ஏரியும் மாறுகிற வானமும் நோர்வேயை ஞாபகப்படுத்தின. திரும்பவும் வர்ணப்பெட்டியோடு வெளியே. பாலம், வீடு, மலைச்சரிவு, பூச்சாடி எல்லாம் கீறினார். ஊர் டொக்டரையும் கீறினார். ஊர்ச்சனத்துக்கு அவர் குறைந்த விலைக்குப் படம் கீறித்தருகிற ஒரு ஜேர்மன்காரர். அவ்வளவுதான்.

அறைக்குத் திரும்பினால் கொலாஜ். 1947 இல் செய்த ‘கேற்றுக்காக’ என்ற கொலாஜில் அமெரிக்கக் கொமிக்ஸ் துண்டுகளை ஒட்டியிருக்கிறார். பொப் ஆர்ட் பிரபலமாக இன்னும் பத்துப் பதினைந்து வருஷம் இருக்கிறது.

1947 ஜூன் 20, அறுபதாவது பிறந்தநாள். நியூயோர்க் நவீன கலை அருங்காட்சியகம் 1,000 டொலர் உதவி தருகிறது என்ற செய்தி வந்தது. பழைய மேர்ஸ்பௌவை மீட்கவென்று வந்த காசு. மீட்க எதுவும் மிஞ்சவில்லை. பக்கத்து எல்ட்டர்வோட்டரில் ஒரு பழைய கல் கொட்டிலை எடுத்தார். அது இருந்த காணி முன்பு வெடிமருந்து ஆலையாக இருந்தது. நாலாவது தரம். கரடுமுரடான சுவரில் சாந்து பூசி, படச்சட்டத் துண்டு, பூவாளியின் தலை, மர வேர், கல் என்று ஒவ்வொன்றாகப் பதித்தார். குளிர்காலம் வந்தது. கொட்டில் இருட்டு, ஈரம். உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஒரு சுவரைக்கூட முழுதாக முடிக்கவில்லை. 1948 ஜனவரி 8 இல் கெண்டல் ஆஸ்பத்திரியில் இறந்தார். பிரித்தானியக் குடியுரிமை கிடைத்துவிட்டது என்ற செய்தி முதல்நாள்தான் வந்திருந்தது.

எது மிஞ்சினது?

ஹனோவர் ஸ்ரூடியோ குண்டில் போனது. லிசாக்கர் ஸ்ரூடியோ 1951 இல் தீயில் போனது. ஜெர்ட்டோயாக் குடிலின் உள்பகுதியில் மிஞ்சினதைக் கழற்றி மொல்டே அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். எல்ட்டர்வோட்டர் சுவரை 1965 இல் அப்படியே பெயர்த்து நியூகாசில் பல்கலைக்கழகத்துக்குக் கொண்டுபோனார்கள். 1933 இல் எடுத்த புகைப்படங்களை வைத்து ஹனோவர் மேர்ஸ்பௌவின் ஒரு அறையை 1980களின் தொடக்கத்தில் அந்த நகரத்து அருங்காட்சியகத்தில் திரும்பக் கட்டினார்கள். 2013 இல் லண்டன் ரேற் பிரிற்றன் அவருடைய பிரித்தானியக் காலத்தைக் காட்டினபோது நிலக்காட்சிகளும் உருவப்படங்களும் கொலாஜ்களோடு சேர்ந்தே தொங்கின. கனகாலம் பிந்தித்தான், ஆனால் முழு ஆளும் ஒருவழியாக மண்டபத்துக்குள் வந்தார்.

எங்கட வயதில் கலை செய்கிற பலர் கலியாண அல்பம் வடிவமைத்தும், பனர் அடித்தும், கேட்ட படத்தைக் கீறிக் குடுத்தும்தான் வர்ணம் வாங்குகிறார்கள். அதைச் சொல்லக் கூச்சப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். ‘உண்மையான கலைஞர்’ இப்படியெல்லாம் செய்யமாட்டார் என்று யாரோ எங்கட மண்டைக்குள் போட்டுவிட்டார்கள். ஷ்விற்றர்ஸ் நிலக்காட்சியைக் கைவிடவும் இல்லை, அதைக் காட்டிச் சமாதானப்பட்டுக் கொலாஜை விடவும் இல்லை. காசு வராத காலத்திலும் கொலாஜ் செய்தார். யாரும் கேட்காத நேரத்திலும் மலையைக் கீறினார். பார்க்கிற பழக்கம் விட்டுப்போகாமல் இருக்க அவருக்கு மலை வேண்டியிருந்தது என்றுதான் நாங்கள் நினைக்கிறோம்.

அவருடைய படங்களை இணையத்தில் தேடுகிறவர்கள் ஒரு வேலை செய்து பாருங்கோ. ஒரு நோர்வே பனிப்பாறை ஓவியத்தையும் அதே காலத்து ஒரு மரத்துண்டுக் கொலாஜையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கோ. சாம்பல் நிறம் எங்கே நிற்கிறது, வெள்ளை எங்கே வெட்டுகிறது, பாரம் எந்த மூலையில் இறங்குகிறது என்று பாருங்கோ. இரண்டையும் செய்தது ஒரே கைதான்.