பூமாலை முதல் சிந்தூர் வரை: ராணுவ சங்கேதப் பெயர்கள் பிறந்த கதையும் பொருளும்

எதிரியிடமிருந்து திட்டத்தை மறைப்பதற்காகத் தோன்றியவை ராணுவ சங்கேதப் பெயர்கள். இன்று அவற்றில் பல, மக்களிடம் ஒரு செய்தியைச் சொல்வதற்காகவே சூட்டப்படுகின்றன. 1987-இல் பெங்களூரிலிருந்து யாழ்ப்பாணம் சென்ற 'பூமாலை' இந்த மாற்றத்துக்குச் சிறந்த சான்று.

நீலசந்திரா (பெங்களூரு): 2025 மே 7 அதிகாலையில் பாகிஸ்தானிலும் பாகிஸ்தான் ஆக்கிரமிப்பு காஷ்மீரிலும் உள்ள 9 இடங்களில் இந்தியப் படைகள் தாக்குதல் நடத்தின. நடவடிக்கையின் முழு விவரங்கள் வெளிவருவதற்கு முன்பே அதன் பெயர் நாடெங்கும் பரவிவிட்டது. 'ஆபரேஷன் சிந்தூர்' என்ற அப்பெயரை ஆங்கிலத்தில் தாங்கி வெளியான படத்தில் ஓர் 'ஓ' எழுத்து குங்குமக் கிண்ணமாகக் காட்டப்பட்டிருந்தது. அதே ஆண்டு ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் நடந்த பயங்கரவாதத் தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டனர். கண்ணெதிரே கணவரைப் பறிகொடுத்த பெண்களின் துயரத்தையே அப்பெயர் சுட்டியது. அதற்கு விளக்கவுரை எதுவும் தேவைப்படவில்லை.

கேட்டவுடன் பொருள் விளங்கும் பெயர் என்பது சங்கேதப் பெயரின் தொடக்ககால நோக்கத்துக்கு நேர் எதிரானது. கேட்பவருக்கு எதுவும் விளங்கக் கூடாது என்பதற்காகவே அத்தகைய பெயர்கள் உருவாக்கப்பட்டன. ராணுவச் சொற்கள் எவ்வாறு தோன்றின, அவற்றின் பொருள் என்ன, அவை எப்படி மாறின என்பதைப் பார்ப்போம்.

விளங்குவதற்காகப் பிறந்த சொற்கள்

ராணுவக் குறிச்சொற்கள் அனைத்தும் ரகசியம் காப்பவை அல்ல. இரைச்சல் மிகுந்த வயர்லெஸ் தொடர்பில், சொல்வது தவறின்றிச் சென்றடைய வேண்டும் என்பதற்காகவே உருவான சொற்களும் உண்டு. திரைப்படங்கள் வழியாகத் தமிழர்களுக்கு அறிமுகமானவை பெரும்பாலும் இத்தகைய சொற்களே.

ஆல்பா, பிராவோ, சார்லி: ஆங்கில எழுத்துகளுக்கான ஒலிப்புச் சொற்கள். ஆங்கிலத்தின் பல எழுத்துகள் வயர்லெஸ்ஸில் ஒன்றுபோலவே ஒலிக்கும். தமிழிலோ அவற்றில் இரண்டை எழுதினாலும் 'பி' என்றே வரும். இக்குழப்பத்தைத் தவிர்க்க, ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு சொல் ஒதுக்கப்பட்டது. இன்று வழங்கும் பட்டியல் 1956-இல் நடைமுறைக்கு வந்தது. ராணுவம், விமானப் போக்குவரத்து, கப்பல் துறை ஆகிய அனைத்துக்கும் அது பொதுவானது.

ரோஜர்: இதற்கு 'சரி' என்றோ 'ஆம்' என்றோ பொருளில்லை. 'நீங்கள் கூறியது முழுமையாகக் கிடைத்தது' என்பதே பொருள். 'பெறப்பட்டது' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துக்குப் பழைய பட்டியலில் ரோஜர் என்ற சொல் இருந்தது. 1956-இல் அந்த எழுத்துக்கு 'ரோமியோ' வந்த பின்னரும் ரோஜர் நிலைத்துவிட்டது. கட்டளையைப் பெற்றதோடு அதன்படி செய்வேன் என்று உறுதிகூற 'வில்கோ' என்பார்கள்.

மேடே: 'எனக்கு உதவுங்கள்' என்ற பிரெஞ்சுத் தொடரின் ஒலியிலிருந்து பிறந்த அபாய அழைப்பு. லண்டனின் குராய்டன் விமான நிலையத்தில் வயர்லெஸ் அதிகாரியாக இருந்த பிரெடரிக் மாக்ஃபோர்டு 1923-இல் உருவாக்கியது. அங்கிருந்து பாரிஸுக்கு விமானங்கள் சென்றுவந்ததால், ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் எளிதில் விளங்கிக்கொள்ளும் சொல் தேவைப்பட்டது. வேறு சொல் எனத் தவறாக எண்ணிவிடாதிருக்க இதனை மூன்று முறை கூறுவது விதி.

எஸ்ஓஎஸ்: 'எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள்' என்பதன் சுருக்கம் எனப் பலரும் கருதினாலும், அந்த விளக்கம் பிற்காலத்தில் சேர்ந்ததே. மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி என மோர்ஸ் குறியீட்டில் அனுப்புவதும் அடையாளம் காண்பதும் எளிது என்பதால் 1906 பெர்லின் மாநாட்டில் இக்குறி ஏற்கப்பட்டது.

டி-டே: 1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கியதால் புகழ்பெற்ற சொல். இதில் வரும் 'டி' என்பதும் 'நாள்' என்பதையே குறிக்கும். தேதி முடிவாகாத நிலையிலும், முடிவான தேதியை மறைக்க வேண்டிய நிலையிலும், 'அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பு, மூன்று நாள் பின்பு' எனத் திட்டமிட இது உதவுகிறது. முதல் உலகப் போரின்போது 1918-இலேயே அமெரிக்க ராணுவ உத்தரவுகளில் இம்முறை இடம்பெற்றது.

மறைப்பதற்காகப் பிறந்த பெயர்கள்

படை நடவடிக்கைக்குத் தனிப்பெயர் சூட்டும் வழக்கம் முதல் உலகப் போரில் பரவலானது. தொலைபேசியும் தந்தியும் போர்க்களத்துக்கு வந்த காலம் அது. இடத்தையும் நாளையும் வெளிப்படையாகக் கூறினால் எதிரி ஒட்டுக்கேட்டுவிடுவான். ஆகவே, ஜெர்மனி 1918-இல் மேற்கு முனையில் தொடங்கிய பெருந்தாக்குதலுக்கு 'மைக்கேல்' என்று பெயரிட்டது.

பெயருக்கும் திட்டத்துக்கும் சிறு தொடர்பு இருந்தாலும் ஆபத்து என்பதை இரண்டாம் உலகப் போர் உணர்த்தியது. ஜெர்மானிய விமானங்களை இலக்குக்கு வழிநடத்தும் புதிய கருவியின் பெயர் 'வோட்டான்' என்பது 1940-இல் பிரிட்டிஷ் உளவுத் துறைக்குத் தெரியவந்தது. வோட்டான், ஜெர்மானியப் புராணத்தில் ஒற்றைக் கண் கொண்ட கடவுள். எனவே அக்கருவி ஒரே ஒரு அலைக்கற்றையைக் கொண்டு இயங்கக்கூடும் என்று விஞ்ஞானி ஆர்.வி.ஜோன்ஸ் ஊகித்தார். ஊகம் சரியாக இருந்தது.

பிரிட்டனுக்கும் இத்தகைய அச்சம் ஏற்பட்டது. நார்மண்டி படையெடுப்புக்கு முந்தைய வாரங்களில் யூட்டா, ஒமாஹா, ஓவர்லார்டு, மல்பெர்ரி, நெப்டியூன் ஆகிய ரகசியச் சொற்கள் டெய்லி டெலிகிராஃப் நாளிதழின் குறுக்கெழுத்துப் புதிரில் ஒன்றன்பின் ஒன்றாக விடைகளாக வந்தன. புதிரைத் தயாரித்த பள்ளித் தலைமையாசிரியர் லெனார்ட் டாவிடம் விசாரணை நடந்தது. உளவு வேலைக்கான சான்று எதுவும் கிடைக்கவில்லை.

இக்காலத்தில்தான் பிரிட்டிஷ் பிரதமர் வின்ஸ்டன் சர்ச்சில் பெயர்கள் பற்றிய ஒரு குறிப்பை எழுதினார். 1943 ஆகஸ்டில் எழுதப்பட்ட அக்குறிப்பு, உயிரிழப்புக்கு வாய்ப்புள்ள நடவடிக்கைகளுக்கு வெற்றிப் பெருமிதம் பேசும் பெயர்களோ, விளையாட்டுத்தனமான பெயர்களோ கூடாது என்றது. அதற்கான காரணத்தை அவர் வீரர்களின் வீடுகளிலிருந்து எடுத்தார். கேலிப் பெயர் கொண்ட ஒரு நடவடிக்கையில் தன் மகன் இறந்தான் என்று எந்தத் தாயும் சொல்ல நேரக்கூடாது என்பதே அதன் சாரம்.

இந்திய ராணுவத்தின் பெயர்கள்

சுதந்திர இந்தியாவின் பெயர்களில் மறைத்தலும் அறிவித்தலும் கலந்தே காணப்படுகின்றன. 1948 செப்டம்பரில் ஹைதராபாத் சமஸ்தானத்தை இணைத்த நடவடிக்கைக்குப் பெயர் 'போலோ'. அந்நகரில் போலோ மைதானங்கள் மிகுந்திருந்ததே காரணம் எனக் கூறப்படுவதுண்டு. 1961-இல் கோவாவை மீட்டபோதும், 1999-இல் கார்கில் போரின்போதும் தரைப்படை 'விஜய்' என்ற ஒரே பெயரையே பயன்படுத்தியது. வெற்றி என்பது அதன் பொருள். கார்கிலில் விமானப்படையின் நடவடிக்கை 'சஃபேத் சாகர்', அதாவது வெண்கடல் எனப் பெயர் பெற்றது.

1984 ஏப்ரல் 13 அன்று சியாச்சின் பனிமலையைக் கைப்பற்றச் சென்ற நடவடிக்கைக்கு, மேகத்தைத் தூது விடும் காளிதாசரின் காவியப் பெயரான 'மேகதூத்' சூட்டப்பட்டது. கராச்சித் துறைமுகத்தின் மீது 1971 டிசம்பர் 4 அன்று கடற்படை நடத்திய தாக்குதல் 'டிரைடென்ட்', அதாவது திரிசூலம். அந்நாளே இன்று கடற்படை தினமாகக் கொண்டாடப்படுகிறது.

மறுபுறம், 2019 பிப்ரவரி 26 பாலாகோட் விமானத் தாக்குதலுக்கு 'பந்தர்' என்ற பெயர் வைக்கப்பட்டிருந்ததாகப் பின்னர் செய்திகள் வெளியாயின. இந்தியில் அதற்குக் குரங்கு என்று பொருள். தாக்குதலோடு எந்தத் தொடர்பும் இல்லாத அச்சொல், பழைய இலக்கணப்படி சரியான சங்கேதப் பெயர்.

பெங்களூரிலிருந்து பறந்த 'பூமாலை'

இப்பட்டியலில் தமிழ்ப் பெயர் தாங்கிய நடவடிக்கை ஒன்று உண்டு. அது பெங்களூரிலிருந்தே புறப்பட்டது.

1809-இல் பெங்களூரில் ராணுவக் குடியிருப்பு அமைந்த காலம் முதல், சென்னை மாகாணப் படைகளோடும் அவற்றைச் சார்ந்த தொழில்களோடும் தமிழர்கள் இந்நகருக்கு வந்தனர். அல்சூர், ஆஸ்டின் டவுன், நீலசந்திரா உள்ளிட்ட பகுதிகளில் இன்றும் தமிழ் பரவலாகப் பேசப்படுகிறது. இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்ட மெட்ராஸ் பொறியாளர் படைப்பிரிவின் வீரர்களை ராணுவம் முழுவதும் 'தம்பி' என்றே அழைக்கிறார்கள்.

1987 மே மாத இறுதியில் இலங்கை ராணுவம் வடமராட்சியில் 'ஆபரேஷன் லிபரேஷன்' என்ற பெயரில் தாக்குதலைத் தொடங்கியது. அதன் பொருள் விடுதலை. யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் உணவும் மருந்தும் தட்டுப்பாடாயின. நிவாரணப் பொருள்களுடன் ஜூன் 3 அன்று சென்ற இந்தியப் படகுகளை இலங்கைக் கடற்படை தடுத்துத் திருப்பி அனுப்பியது. மறுநாள் பிற்பகல், ஐந்து ஏஎன்-32 சரக்கு விமானங்கள் மிராஜ் 2000 போர் விமானங்களின் பாதுகாப்போடு பெங்களூரிலிருந்து கிளம்பி, யாழ்ப்பாணத்தின் மீது சுமார் 25 டன் பொருள்களைப் பாராசூட்டில் இறக்கின. இந்நடவடிக்கையின் பெயரே 'பூமாலை'.

இதில் மறைப்பதற்கு எதுவும் இருக்கவில்லை. இலங்கை அரசுக்கு முன்கூட்டியே தெரிவிக்கப்பட்டது. விமானங்களில் செய்தியாளர்களும் அழைத்துச் செல்லப்பட்டனர். முற்றுகையில் சிக்கிய தமிழ் மக்களுக்கும், தமிழ்நாட்டு மக்களுக்கும், கொழும்பு அரசுக்கும் ஒரே நேரத்தில் செய்தி சொல்வதே நோக்கம். பெயரைத் தமிழில் வைத்ததும் அச்செய்தியின் ஒரு பகுதியாக அமைந்தது. தமிழர்களுக்கு அது மரியாதையின் அடையாளம். கொழும்புக்கோ அது இறையாண்மை மீறல். இலங்கை அரசு கடும் எதிர்ப்புத் தெரிவித்தது.

நான்கு மாதங்களில் வந்த 'பவன்'

1987 ஜூலை 29 அன்று ராஜீவ் காந்தியும் ஜே.ஆர்.ஜெயவர்த்தனேவும் கொழும்பில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டனர். இந்திய அமைதி காக்கும் படை இலங்கைக்குச் சென்றது. விடுதலைப் புலிகளுடனான உறவு முறிந்து, அக்டோபரில் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்ற அப்படை தொடங்கிய போருக்கு 'பவன்' என்று பெயர். காற்று என்பது அதன் பொருள்.

பூமாலை இறங்கிய அதே நிலத்தில், நான்கே மாதங்களில் நடந்த இப்போரில் வீரர்களும் போராளிகளும் மட்டுமன்றி, பொதுமக்களும் பெருமளவில் உயிரிழந்தனர். தமிழரான மேஜர் ராமசாமி பரமேஸ்வரன் நவம்பர் 25 அன்று வீரமரணம் அடைந்தார். அவருக்கு நாட்டின் மிக உயரிய போர்க்கால விருதான பரம்வீர் சக்ரா வழங்கப்பட்டது. 1990 மார்ச்சில் இந்தியப் படை முழுமையாகத் திரும்பியபோது, உயிர்நீத்த இந்திய வீரர்களின் எண்ணிக்கை 1,100-ஐத் தாண்டியிருந்தது.

பெருமிதப் பெயர்கள் குறித்த சர்ச்சிலின் எச்சரிக்கைக்கும் இலங்கைப் போரிலேயே சான்று கிடைத்தது. வடக்கு நோக்கிச் செல்லும் ஏ-9 சாலையைத் திறக்க இலங்கை ராணுவம் 1997 மே மாதம் தொடங்கிய நடவடிக்கைக்கு 'ஜயசிக்குறு' என்று பெயரிட்டது. சிங்களத்தில் 'உறுதியான வெற்றி' என்று பொருள். ஒன்றரை ஆண்டுப் போருக்குப் பின், சாலை முழுமையாகத் திறக்கப்படாமலேயே 1998 டிசம்பரில் அது கைவிடப்பட்டது.

பெயர் சொல்வதும் சொல்லாததும்

பேசும் பெயர்களைத் திருத்த நேர்ந்த நாடுகளும் உண்டு. 2001-இல் ஆப்கானிஸ்தான் போருக்கு அமெரிக்கா முதலில் தேர்ந்த 'எல்லையற்ற நீதி' என்ற பெயர், அத்தகைய நீதி இறைவனுக்கு மட்டுமே உரியது என்ற இஸ்லாமியரின் மறுப்பால் 'நீடித்த சுதந்திரம்' என மாற்றப்பட்டது.

பொருளற்ற பெயர் திட்டத்தைக் காக்கிறது. பொருள் நிறைந்த பெயர் மக்களைத் திரட்டுகிறது. ஆனால், பெயர் நடவடிக்கை தொடங்கும் முன்பே சூட்டப்படுகிறது. விளைவோ பின்னரே தெரிகிறது. பூமாலை என்ற பெயர் 25 டன் நிவாரணப் பொருள்களை நினைவில் நிறுத்துகிறது. அதைத் தொடர்ந்த மூன்று ஆண்டுகளை அப்பெயரிலிருந்து எவராலும் அறிய முடியாது. சங்கேதப் பெயரைக் கேட்கும்போது அதன் பொருளோடு, அது எந்த நாளில், யாரிடம், எதைச் சொல்வதற்காகச் சூட்டப்பட்டது என்பதையும் அறிந்தால்தான் வரலாறு முழுமையாக விளங்கும்.