டமாஸ்கஸ் நாவிதரின் வரலாற்றேடு

வரலாறு என்றதும் சுல்தான்களும் தளபதிகளுமே நம் நினைவுக்கு வருகின்றனர். டமாஸ்கஸ் நகரின் இருபதாண்டு வரலாற்றை எழுதி வைத்தவரோ ஒரு நாவிதர். நம் ஊர்களில் ‘ஒஸ்தா’ என்போமே, அத்தொழிலினர். பெயர் அஹ்மத் இப்னு புதைர்.

உஸ்மானியர் ஆட்சியில், ஹிஜ்ரி 1154 முதல் 1175 வரை (கி.பி. 1741–1762) தாம் கண்டதையும் கேட்டதையும் அவர் குறித்து வந்தார். ஆளுநர்கள் மாறிய செய்திகளுக்கிடையே ரொட்டி விலை உயர்ந்ததும், தம் வீட்டில் நிகழ்ந்த மவ்த்துகளும் இடம்பெறுகின்றன. ஆளுநர் அஸ்அத் பாஷா தமக்கு மாளிகை எழுப்பியபோது நகரின் மரமும் கல்லும் கொத்தர்களும் அங்கேயே போய்ச் சேர்ந்ததை அவர் மறைக்கவில்லை. இன்று அம்மாளிகையைக் காண்போர் அதன் அழகை மட்டுமே புகழ்கின்றனர்!

1757இல் ஹஜ்ஜிலிருந்து திரும்பிய காஃபிலா பாலைவனத்தில் கொள்ளையிடப்பட்டு, ஹாஜிகள் ஏராளமானோர் மாண்டனர். ஹஜ் காஃபிலாக்களில் சுமை சுமந்த குடும்பத்தில் பிறந்த நாவிதருக்கு அது வெறும் செய்தியாக இருந்திருக்குமா? 1759ஆம் ஆண்டுப் பூகம்பத்தில் உமைய்யா பள்ளிவாசலும் சேதமுற்றது.

பிற்காலத்தில் ஆலிம் முஹம்மத் ஸயீத் அல்காஸிமீ (வஃபாத் 1900) அவ்வேட்டின் பேச்சு நடையைத் திருத்தி, தேவையற்றவை எனக் கருதியவற்றை நீக்கினார். அவருடைய நோக்கம் நல்லதே. ஆயினும், திருத்தப்படாத கைப்பிரதியொன்று அயர்லாந்தின் டப்லின் நகர நூலகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.