'ஒண்ணுமில்ல': பதற்றம் நோயான கதை

நெஞ்சு படபடக்குதுன்னு போனவருக்கு ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, 'ஒண்ணுமில்ல, போங்க' என்கிறார் மருத்துவர். இந்தச் சொல்லுக்கு ஒரு நூற்றைம்பது ஆண்டுக்கால வரலாறு இருக்கிறது. அது ராணுவ மருத்துவமனைகளில் தொடங்குகிறது என்பது தற்செயலானதல்ல.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது (1861-65) பிலடெல்பியாவிலிருந்த ராணுவ மருத்துவமனைக்கு ஒரு விசித்திரமான கூட்டம் வந்துசேர்ந்தது. நாலு அடி வேகமாக நடந்தால் மூச்சு வாங்குகிறது, மார் வலிக்கிறது, தலை சுற்றுகிறது, ராத்திரி படுத்தால் இதயம் அடித்துக்கொள்வதில் தூக்கமில்லை. ஜேக்கப் மெண்டிஸ் டா கோஸ்டா என்ற மருத்துவர் 300க்கும் மேற்பட்ட சிப்பாய்களைப் பரிசோதித்து, 1871இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு 'எரிச்சலுற்ற இதயம்' என்று பெயர் வைத்தார். இதயத்தின் அமைப்பில் பழுதில்லை, இயக்கத்தில்தான் கோளாறு என்பது அவர் முடிவு. காரணங்களாக அவர் அடுக்கியவை கடுமையான களப்பணி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு முதலானவை. பயம் அந்தப் பட்டியலில் தனியொரு காரணமாக இல்லை. இதற்கு ஓராண்டு முன்பு, 1870இல், பிரிட்டிஷ் ராணுவ மருத்துவர் ஆர்தர் மையர்ஸ் இன்னும் எளிதான காரணம் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார்: சிப்பாயின் இறுக்கமான உடுப்பும் மூட்டையைக் கட்டும் வாரும். வாரைத் தளர்த்தினால் சரியாகிவிடுமாம்!

இதை வெறும் மருத்துவ அறியாமை என்று தள்ளிவிட முடியாது. ராணுவம் என்கிற நிறுவனத்துக்குள் பயம் ஒரு நோயாக இருக்க முடியாது. அது குற்றமாகத்தான் இருக்க முடியும். முதல் உலகப் போரில் ஓடிப்போனது, கோழைத்தனம் முதலான குற்றங்களுக்காகச் சுட்டுக்கொல்லப்பட்ட பிரிட்டிஷ் பேரரசின் சிப்பாய்களில் 306 பேருக்கு 2006இல்தான் அரசு மன்னிப்பு வழங்கியது. 'இதயம் சரியில்லை' என்றால் கட்டில், 'பயமாயிருக்கு' என்றால் துப்பாக்கி. இப்படிப்பட்ட இடத்தில் உடல் எந்த மொழியில் பேசும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதே போரில் தாமஸ் லூயிஸ் என்ற இதய மருத்துவர் இதை 'உழைப்பு நோய்க்குறி' என்று மாற்றிப் பெயரிட்டார். படிப்படியான உடற்பயிற்சி கொடுத்து, யாரை முகாமுக்குத் திருப்பி அனுப்பலாம், யாரை வீட்டுக்கு அனுப்பலாம் என்று பிரித்தார். 1941இல், இரண்டாம் போரின் நடுவில், பால் வுட் என்ற இன்னொரு இதய மருத்துவர்தான் சொல்ல வேண்டியதைச் சொன்னார்: இந்த அறிகுறிகள் உழைத்துக் களைத்தவனின் அறிகுறிகளைப் போலில்லை, பயந்தவனின் அறிகுறிகளைப் போலிருக்கின்றன. டா கோஸ்டாவிலிருந்து இங்கு வந்துசேர எழுபது ஆண்டுகள்.

போருக்கு வெளியே வியன்னாவில் பிராய்ட் 1895லேயே 'பதற்ற நரம்புநோய்' என்று தனியே பிரித்துக்காட்டியிருந்தார். பாலியல் நிறைவின்மையே காரணம் என்ற அவரது விளக்கம் இன்று நிற்கவில்லை. ஆனால் படபடப்பு, மூச்சுமுட்டல், வியர்வை என்று அவர் கொடுத்த வர்ணனை நிற்கிறது. எந்த எண்ணமும் ஒட்டாமலேயே இந்தத் தாக்குதல் வரலாம் என்று அவர் கண்டதும் நிற்கிறது. நம் தொல்காப்பியம் அச்சத்துக்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்று நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. நான்கும் எதிரே நிற்பவை. (கடைசியில் அரசனை வைத்ததைக் கவனிக்க.) எதிரே எதுவுமில்லாமல் ஈரக்குலை நடுங்குகிறதே, அதற்கு ஐந்தாவதாக ஒரு களன் வேண்டியிருக்கிறது.

1950களின் இறுதியில் நியூயார்க் மருத்துவமனையொன்றில் டொனால்ட் க்ளைன், இமிப்ரமின் என்ற மருந்தைச் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார். 'சாகப்போறேன்' என்று செவிலியர் அறைக்கு ஓடிவந்துகொண்டிருந்தவர்கள் சில வாரங்களில் ஓடிவருவதை நிறுத்தினார்கள். 1980இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் மூன்றாம் கையேடு பழைய பதற்ற நரம்புநோயை இரண்டாக உடைத்தது: திடீரென்று வரும் பீதித் தாக்குதல் ஒன்று, ஓயாத கவலை மற்றொன்று. மருந்துக் கம்பெனிகளுக்கு இது கொழுத்த காலம். 1963இல் வந்த வேலியம் 1970களில் அமெரிக்காவில் மிக அதிகமாக எழுதப்பட்ட மருந்துகளிலொன்றாக இருந்தது. ஓயாத கவலை ஒரு மாதம் நீடித்தால் நோய் என்றது 1980 கையேடு. 1987இல் அதே சங்கம் ஆறு மாதம் என்று மாற்றியது. எல்லைக்கோடு மேசை மேல் வரையப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால் அதே 1980 கையேட்டில் இன்னொன்றும் நடந்தது. வியட்நாமிலிருந்து திரும்பி, அந்தப் போரையே எதிர்த்து நின்ற முன்னாள் சிப்பாய்கள், 1970 முதல் தாங்களாகவே கூடிப் பேசிய குழுக்களிலிருந்து எழுந்த கோரிக்கை, 'பேரதிர்ச்சிக்குப் பிந்தைய நோய்' என்ற பெயராகப் பதற்ற நோய்களின் வரிசையில் ஏறியது. (2013இல் அதைத் தனி வரிசைக்கு மாற்றினார்கள்.) நோய்ப்பெயர் எப்போதும் மேலிருந்து திணிக்கப்படும் அதிகாரச் சொல்லாடல் மட்டும்தான் என்று ஃபூக்கோவை மேலோட்டமாகப் படித்துவிட்டுப் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். பெயர் இல்லாததுதான் அவர்களை ஒடுக்கியது.

நம் இயக்கச் சூழலில் இது நேரடியாகப் பொருந்துகிறது. கூட்டத்துக்கு வர முடியலன்னு ஒரு தோழர் சொன்னால் 'குட்டி முதலாளித்துவ மனநிலை' என்போம். இலக்கியவாதியென்றால் 'இருத்தலியல் நெருக்கடி' என்று மெச்சிக்கொள்வோம். இரண்டும் ராணுவ மருத்துவரின் 'ஒண்ணுமில்ல'வுக்கு வேறு உடுப்பு மாட்டியவைதான். சமூகம்தான் காரணம் என்பது பெரும்பாலும் உண்மை. வேலையின்மையும் கடனும் சாதி வன்முறையும் உடலில் ஏறுகின்றன. ஆனால் புரட்சி வரும்வரை அவர் மூச்சுமுட்டிக்கொண்டிருக்க வேண்டுமா?

எப்போது மருத்துவரிடம் போவது? கவலைப்படுவதே நோயல்ல. வாழ்க்கையின் பரப்பு சுருங்கிக்கொண்டே போகிறதா என்று பார்க்க வேண்டும். பஸ் ஏற முடியவில்லை, தனியே இருக்க முடியவில்லை, வேலைக்குப் போவது நின்றுவிட்டது, தூக்கத்துக்காகக் குடி வந்துவிட்டது என்றால் கையேட்டின் ஆறு மாதக் கணக்கைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. செத்துவிடலாமென்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே போக வேண்டும். புதிதாக வரும் நெஞ்சுவலியைப் பதற்றம்தான் என்று நாமே முடிவுசெய்வதும் தப்பு. முதலில் இதயம், தைராய்டு, ரத்தசோகை பார்த்துவிட வேண்டும். அதிலெல்லாம் ஒன்றுமில்லையென்றால் விசாரணை அங்கே முடியக்கூடாது, அங்கேதான் தொடங்க வேண்டும். 'இதயத்துல இல்லன்னா வேற எதுல, மனநல டாக்டரைப் பாக்கணுமா' என்று கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும்.

பயப்படுவதை நோக்கிப் படிப்படியாக நடத்திச்செல்லும் பேச்சுவழிச் சிகிச்சைக்கு நல்ல பலன் இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் உதவும், வேலைசெய்யச் சில வாரங்கள் எடுக்கும். வேலியம் வகை மாத்திரைகள் உடனே அடக்கும், பழக்கமாகவும் ஆகிவிடும். நீண்ட நாள் போட்டவர்கள் திடீரென்று தாங்களாக நிறுத்தக் கூடாது, வலிப்பு வரலாம். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அரசு நடத்தும் மனநலச் சேவையை உரிமையாக்கியிருக்கிறது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற இலவசத் தொலைபேசிச் சேவையின் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.