அக்கா கேட்ட கேள்வி

கோரிமேட்டில் குடியிருப்பவனுக்கு ஜிப்மர் வாசல் தினமும் கண்ணில் படும். 1823இல் பிரெஞ்சு ஆட்சியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு அது. 1956இல் தன்வந்திரி மருத்துவக் கல்லூரியாகி, 1964இல் இன்றைய பெயரைப் பெற்றது. அந்த வாசலைக் கடக்கும்போதெல்லாம் எனக்குப் பெரியக்காவின் நினைவு வரும்.

1988இல் அக்காவுக்கு வயிறு ஊதியது. வாயு என்று எண்ணி ஓமமும் சீரகமும் கொதிக்கவைத்துக் கொடுத்தோம். பிறகுதான் சூலகப் புற்றுநோய் என்று தெரிந்தது. ஊசி போட்டு வயிற்றிலிருந்து மஞ்சள் நிற நீரை எடுத்தார்கள். பாட்டிலைப் பார்த்து அக்கா கேட்டாள்: "இதுல என்னடா இருக்கு?" எனக்குத் தெரியவில்லை. எட்டு மாதத்தில் போய்விட்டாள்.

பணி ஓய்வுக்குப் பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்த நீரில் உயிருள்ள புற்றுசெல்கள் மிதக்கும்.

1951இல் அமெரிக்காவில் ஹென்ரியட்டா லேக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்த செல்கள் கண்ணாடிக் குடுவையில் ஓயாமல் பெருகின. இன்றும் பெருகுகின்றன. 1973இல் எஸ்.கே.ஓ.வி.-3, 1982இல் ஓ.வி.கார்-3 என்று சூலகப் புற்றுசெல்களும் ஆய்வகத்துக்கு வந்தன. இரண்டுமே நோயாளிகளின் வயிற்று நீரிலிருந்து கிடைத்தவை.

ஆனால் அவை முற்றிய நோயின் செல்கள். எரிந்து முடிந்த வீட்டின் சாம்பலைப் பார்த்துத் தீ எங்கே பிடித்தது என்று சொல்வது எளிதா?

நம் நாட்டில் புனேயின் தேசிய செல் அறிவியல் மையத்தில் சர்மிளா பாபத் குழுவினர் இதில் ஒரு படி முன்னே போனார்கள். ஒரு நோயாளியின் வயிற்று நீரிலிருந்து செல்களைத் தனித்தனியே பிரித்து வளர்த்தார்கள். அவற்றில் ஒரு வம்சம் கட்டியை உண்டாக்கியது. ஆய்வு நடக்கும்போதே இன்னொரு வம்சமும் தானாகப் புற்றாக மாறியது. நோய் முற்றும் விதத்தைக் கண்ணெதிரே பார்க்க வழி கிடைத்தது. 2005இல் அதை வெளியிட்டார்கள்.

கதை அதோடு முடியவில்லை. ஆய்வகங்களில் அதிகம் புழங்கிய எஸ்.கே.ஓ.வி.-3, பெண்களுக்குப் பெரும்பாலும் வரும் வகையை ஒத்ததல்ல என்று 2013இல் மரபணு ஆய்வு ஒன்று காட்டியது. அந்த வகை பல சமயம் கருக்குழாயின் நுனியில்தான் தொடங்குகிறது என்றும் இன்று கருதுகிறார்கள். அதனால் கருக்குழாய்ச் செல்களையும் வளர்த்துப் பார்க்கிறார்கள்.

வீட்டுப் பெண்களுக்கு இரண்டு மூன்று வாரமாக வயிறு உப்பி, கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிட்டால், ஓமத் தண்ணீரோடு நிற்காதீர்கள். டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.

அக்கா, நீ கேட்டதற்குப் பதில் இப்போது எனக்குத் தெரியும்.